பொன்மேனியும் தூய உள்ளமும்

அழகு என்ற சொல்லைப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தெய்வத் திருமேனிகளுக்கும் நாம் தயக்கமின்றி வழங்குகிறோம். ஆண்மகனைப் பாராட்ட வரும்போது வீரன், அறிஞன், வள்ளல் என்று கூறி நிறுத்திக்கொள்கிறோம். தூய்மையின் நிலையும் இதுவே. கற்பு என்னும் உயர்ந்த நெறியைப் பெண்ணுக்கே உரியதாக்கிய உலகம், ஆணின் மனம் அலைவது இயற்கை என்று அவனை எளிதில் மன்னித்துவிடுகிறது. எனவே, ஆண்மகன் ஒருவன் கண்டோர் வியக்கும் அழகனாகவும் அதே வேளையில் மாசற்ற உள்ளம் உடையவனாகவும் இருத்தல் கூடுமா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது.

ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன்னர் இதே ஐயம் ஓர் இளந்துறவியைப் பற்றி எழுந்தது. அதை எழுப்பியவர் சாதாரண மனிதர் அல்லர். அக்காலத்து வேதாந்த அறிஞர்களுள் தலைசிறந்தவராக மதிக்கப்பட்டவர். அந்த இளந்துறவி ஸ்ரீசைதன்ய மகாபிரபு. அவரை அவதார புருஷராகவே வழிபடும் அன்பர்கள் ஏராளம். ஆயினும் ஐயம் எழுப்பிய அறிஞர் முதலில் அவரை மனிதராகவே கண்டார். நாமும் அவ்வாறே கண்டு, அந்த ஐயத்திற்கு அவரது வாழ்க்கை என்ன விடை தருகிறது என்று சிந்திப்போம்.

நவத்வீபத்து இளம் பண்டிதர்

வங்காளத்தில் கங்கைக் கரையில் அமைந்த நவத்வீபம் கல்விக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கே 1486ஆம் ஆண்டு, பால்குனப் பௌர்ணமி நாளில், சந்திர கிரகண வேளையில் அவர் பிறந்தார். தந்தை ஜகந்நாத மிசிரர், தாய் சசிதேவி. பெற்றோர் இட்ட பெயர் விசுவம்பரர். வேப்பமரத்தின் தொடர்பால் நிமாய் என்ற செல்லப்பெயரும், உருக்கிய பொன் போன்ற நிறத்தால் கௌராங்கர் என்ற பெயரும் வழங்கலாயின. முன்னர்ப் பிறந்த எட்டுப் பெண் குழந்தைகளை இழந்தவள் அந்தத் தாய். மூத்த மகன் விசுவரூபரும் இளமையிலேயே துறவியாகிச் சென்றுவிட்டார். எனவே அவளது உயிர் முழுவதும் நிமாயின் மீதே இருந்தது.

நெடிய உருவம், முழந்தாள் வரை நீண்ட கைகள், சுருண்டு அடர்ந்த கூந்தல், தாமரையை நிகர்த்த கண்கள் என்று வரலாற்று ஆசிரியர்கள் அவரை வருணிக்கின்றனர். கங்காதாச பண்டிதரிடம் இலக்கணம் பயின்ற அவர், இளம் வயதிலேயே சொந்தமாகப் பாடசாலை தொடங்கினார். நல்ல உடை உடுத்தி, கூந்தலில் மலர் சூடி, மாணவர்கள் புடைசூழ அவர் வீதியில் வரும்போது நகரம் திரும்பிப் பார்த்தது.

அக்காலத்து நிமாயிடம் அழகு இருந்தது, அறிவு இருந்தது, ஒழுக்கமும் இருந்தது. ஆனால் செருக்கும் கூடவே இருந்தது. எதிரில் வரும் பண்டிதர்களை வழிமறித்து, இலக்கணப் புதிர் தொடுத்துத் திணறச் செய்வது அவருக்கு விளையாட்டு. அவருடைய குடும்பமே கிழக்கு வங்காளத்தின் சில்ஹெட் பகுதியிலிருந்து வந்ததுதான். இருந்தும் அப்பகுதி மக்களின் உச்சரிப்பைக் கேலி செய்து மகிழ்ந்தார். இதை நினைவில் கொள்வோம். பிறர் பேச்சில் குறை கண்டு நகைத்த இந்த இளைஞர் பின்னாளில் என்ன ஆனார் என்பதைக் காணப் போகிறோம்.

கயையில் நிகழ்ந்த மாற்றம்

முதல் மனைவி லக்ஷ்மிப்ரியா, கணவர் கிழக்கு வங்காளம் சென்றிருந்த வேளையில் பாம்பு தீண்டி இறந்தார். பின்னர் விஷ்ணுப்ரியாவை அவர் மணந்தார். ஏறத்தாழ 1508ஆம் ஆண்டு, மறைந்த தந்தைக்குப் பிதுர்க்கடன் ஆற்ற கயை சென்றார். அங்கே விஷ்ணு பாதத்தைத் தரிசித்தபோது கண்கள் அருவியாயின. ஈசுவரபுரி என்ற மகானிடம் மந்திர தீட்சை பெற்றுத் திரும்பியவர் பழைய நிமாய் அல்லர். இலக்கணம் கற்பிக்க அமர்ந்தால் கண்ணனின் நாமத்தைத் தவிர வேறு பொருள் எதுவும் அவர் வாயில் வரவில்லை. பாடசாலை மூடப்பட்டது. சீவாச பண்டிதரின் வீட்டு முற்றத்தில் இரவெல்லாம் சங்கீர்த்தனம் தொடங்கியது. யாரைக் கண்டால் முன்பு பண்டிதர்கள் ஒதுங்கி ஓடினார்களோ, அவரே இப்போது எளியோரின் கால்களில் விழுந்து வணங்கினார்.

கூந்தல் களைந்த நாள்

1510ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 24 வயது நிறையும் தறுவாயில், ஓர் இரவு அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். காட்வா என்னும் ஊரில் கேசவ பாரதியிடம் சென்று சந்நியாசம் வேண்டினார். அந்த இளமையையும் எழிலையும் கண்ட பாரதியே தயங்கினார். முடி மழிக்க வந்த நாவிதரின் கை நடுங்கியது. அந்தக் கூந்தலில் கத்தி வைக்க மனமின்றி அவர் அழுதார்; சூழ்ந்து நின்ற ஊராரும் அழுதனர். அழாதவர் ஒருவரே, அவர் பரவசத்தில் ஆடிக்கொண்டிருந்தார். கூந்தல் மண்ணில் விழுந்தது. ஸ்ரீகிருஷ்ண சைதன்யர் என்ற துறவி எழுந்தார்.

இங்கே நவத்வீபத்து வீட்டை மறந்துவிடக் கூடாது. அங்கே ஒரு தாயும் இளம் மனைவியும் இருந்தனர். சாந்திபுரத்தில் அத்வைத ஆசாரியரின் இல்லத்திற்குச் சசிதேவி வந்து மகனைக் கண்டார், விஷ்ணுப்ரியா வரவில்லை. தம்மைப் பற்றிய செய்தி அவ்வப்போது கிடைக்கும்படி புரியில் தங்கியிருக்க வேண்டும் என்ற தாயின் விருப்பத்தைச் சைதன்யர் ஏற்றார். பிற்காலத்தில், தாய்க்குச் செய்ய வேண்டிய சேவையை விட்டுத் துறவு பூண்டது தருமம் ஆகாது, பித்தனாய்ச் செய்த அந்தப் பிழையைத் தாய் பொறுக்க வேண்டும் என்று அன்பர்கள் வழியே சொல்லி அனுப்பினார். ஜகந்நாதரின் பிரசாதமும் வஸ்திரமும் அவளுக்கு அனுப்பப்பட்டன. பிறருக்குத் தம்மால் நேர்ந்த துன்பத்தை மறைக்காமல் ஏற்றுக்கொள்வதும் தூய்மையின் இலக்கணமே.

விஷ்ணுப்ரியாவைப் பற்றி மரபு ஒரு செய்தியைப் போற்றுகிறது. நாமஜபத்தின் ஒவ்வோர் ஆவர்த்திக்கும் ஒரு மணி அரிசி வீதம் எடுத்து வைத்து, அதை மட்டுமே சமைத்து இறைவனுக்குப் படைத்து உண்டு வாழ்ந்தாராம். ஸ்ரீசைதன்யரின் துறவைப் போற்றும்போது, வீட்டிற்குள்ளேயே நிகழ்ந்த இந்தத் துறவையும் நாம் வணங்க வேண்டும்.

சார்வபௌமரின் ஐயம்

புரியை அடைந்த சைதன்யர் ஜகந்நாதரைக் கண்டதும் உணர்விழந்து சந்நிதியில் வீழ்ந்தார். காவலர் அடிக்க முற்பட்டபோது தடுத்து, அவரைத் தம் இல்லத்திற்குத் தூக்கிவரச் செய்தவர் வாசுதேவ சார்வபௌம பட்டாசாரியர். நியாயத்திலும் வேதாந்தத்திலும் கரைகண்டவர் அவர். மயங்கிக் கிடந்த இளைஞரின் எழிலைக் கண்டு வியந்த அவரது உள்ளத்தில் ஒரு கவலையும் எழுந்தது. இவரோ நிறைந்த இளமைப் பருவத்தினர். இத்தகைய உருவம் படைத்தவர் துறவு நெறியை எப்படிக் காக்கப் போகிறார் என்று தம் மைத்துனர் கோபிநாத ஆசாரியரிடம் வினவினார். தாமே வேதாந்தம் போதித்து வைராக்கியத்தில் நிலைநிறுத்தவும் முன்வந்தார்.

இதைக் கேட்ட கோபிநாதர் வருந்தினார். செய்தி சைதன்யரை எட்டியபோது அவர் சிறிதும் வருந்தவில்லை. தம் துறவைக் காக்க விரும்பும் சார்வபௌமரின் பரிவு அது என்று மகிழ்ந்தார். ஏழு நாட்கள் அவர் முன் அமர்ந்து மௌனமாகப் பாடம் கேட்டார். பின்னர் வாய் திறந்தபோது, கற்பித்தவரே மாணவரானார் என்று வரலாறு கூறுகிறது. வாதத்தில் வென்றதைவிட, தம் ஒழுக்கத்தை ஐயுற்றவரிடம் சினம் கொள்ளாமல் மாணவராய் அமர்ந்ததே சார்வபௌமரின் கேள்விக்குக் கிடைத்த முதல் விடை. நவத்வீபத்தில் பண்டிதர்களை மறித்து வாதிட்ட செருக்கு அங்கே தென்படவில்லை.

அழகுக்கு அஞ்சிய வாசுதேவர்

அதே ஆண்டு அவர் தென்னாட்டு யாத்திரை தொடங்கினார். இன்றைய ஆந்திரத்தின் ஸ்ரீகூர்மத்தில், கூர்மர் என்ற அந்தணர் இல்லத்தில் ஓரிரவு தங்கினார். அவ்வூருக்கு அருகில் வாசுதேவர் என்ற தொழுநோயாளர் இருந்தார். புண்களிலிருந்து புழு கீழே விழுந்தால், அது இரையின்றி வாடுமே என்று எடுத்து மீண்டும் அதே இடத்தில் விடும் அளவுக்குக் கருணை வாய்ந்தவர் அவர். மகானைக் காண விடியற்காலையில் ஓடிவந்தார். அதற்குள் சைதன்யர் புறப்பட்டுவிட்டார் என்று அறிந்து தரையில் வீழ்ந்து கதறினார். சைதன்யர் திரும்பி வந்து அவரை மார்போடு தழுவிக்கொண்டார்.

அந்தத் தழுவலில் நோய் நீங்கி வாசுதேவரின் உடல் பொலிவு பெற்றது என்று நூல்கள் கூறுகின்றன. அதனினும் சிந்திக்கத்தக்கது அடுத்து நிகழ்ந்தது. வாசுதேவருக்கு மகிழ்ச்சியை விட அச்சமே மிகுந்தது. யாவரும் வெறுத்து ஒதுங்கிய உடலோடு இருந்தபோது செருக்குக்கு இடமில்லை; இப்போது அழகிய உடல் கிடைத்ததால் அகந்தை வந்துவிடுமே என்று அவர் வருந்தினார். இடைவிடாது நாமத்தைச் சொல்லி, பிற உயிர்களை உய்விக்கும் பணியில் ஈடுபட்டால் அகந்தை அணுகாது என்று சைதன்யர் தேற்றினார். ஒரு காலத்தில் தம் அழகையும் அறிவையும் எண்ணிச் செருக்கியவர் அல்லவா அவர்? அந்த நோய்க்குத் தாம் உண்ட மருந்தையே வாசுதேவருக்கும் வழங்கினார்.

திருவரங்கத்தில் கண்ட அழகு

காஞ்சி முதலிய தலங்களைத் தரிசித்துத் திருவரங்கத்தை அடைந்த சைதன்யர், மழைக்காலத்து நான்கு மாதங்களை வேங்கட பட்டர் என்ற வைணவப் பெரியாரின் இல்லத்தில் கழித்தார். அவருடைய மகன் கோபால பட்டரே பிற்காலத்தில் பிருந்தாவனத்து ஆறு கோஸ்வாமிகளுள் ஒருவரானார்.

அரங்கன் கோயிலில் ஓர் அந்தணர் நாள்தோறும் அமர்ந்து கீதையின் 18 அத்தியாயங்களையும் படிப்பார். உச்சரிப்பு முழுவதும் பிழை. கேட்டவர்கள் சிரித்தனர், சிலர் கடிந்தனர். அவரோ கண்ணீர் பெருக, மெய்சிலிர்த்துப் படித்துக்கொண்டிருந்தார். எந்தப் பொருளை உணர்ந்து இந்த ஆனந்தம் என்று சைதன்யர் வினவினார். தமக்குச் சொற்பொருள் தெரியாது. குருவின் கட்டளைப்படி படிக்கிறார். படிக்கும்போதெல்லாம் அர்ஜுனனின் தேரில் கடிவாளம் பிடித்து அமர்ந்த கண்ணனின் திருவுருவம் கண்முன் தோன்றுகிறது என்றார் அந்தணர். கீதையைப் படிக்கும் தகுதி அவருக்கே உண்டு என்று கூறிச் சைதன்யர் அவரைத் தழுவிக்கொண்டார்.

உச்சரிப்பைக் கேலி செய்த நவத்வீபத்து இளைஞர் எங்கே, இவர் எங்கே! பிழையான சொற்களுக்கு அப்பால் ஓர் உள்ளத்தின் அழகு அவர் கண்ணுக்குப் புலப்பட்டது. உள்ளம் தெளியும்போது பார்வையும் தெளிகிறது.

கடுமையும் கனிவும்

மதுரை, இராமேசுவரம் வரை சென்று புரிக்குத் திரும்பிய சைதன்யர் ஒழுக்கத்தில் மிகுந்த கண்டிப்புடன் வாழ்ந்தார். அன்பர் ஜகதானந்தர் ஒருமுறை வங்காளத்திலிருந்து ஒரு குடம் நறுமணச் சந்தனத் தைலம் கொண்டுவந்தார். வாசனை வீச வீதியில் சென்றால், பெண் நாட்டம் கொண்ட துறவி என்று உலகம் எண்ணும் என்று கூறிச் சைதன்யர் அதை ஏற்க மறுத்தார். கோயில் விளக்குக்குக் கொடுக்கச் சொன்னார். மனமுடைந்த ஜகதானந்தர் குடத்தையே போட்டு உடைத்தார். அழகுக்கு அழகு சேர்க்கும் எதையும் தம் உடல் மீது அனுமதிப்பதில்லை என்பதில் சைதன்யர் உறுதியாக இருந்தார்.

சோட்டா ஹரிதாசர் என்ற இளம் பாடகரின் வரலாறு நம் நெஞ்சைக் கலக்குகிறது. சைதன்யரின் உணவுக்கென நல்ல அரிசி வாங்கிவருமாறு ஓர் அன்பர் அனுப்ப, அவர் மாதவிதேவி என்ற முதிய பக்தையிடம் சென்று கேட்டு வாங்கிவந்தார். துறவு பூண்டவர் பெண்ணிடம் சென்று பேசினார் என்று அறிந்த சைதன்யர், அவரைத் தம் இருப்பிடத்தினுள் வர வேண்டாம் என்று தடுத்துவிட்டார். எல்லோரும் பரிந்து பேசியும் இணங்கவில்லை. ஓராண்டு காத்திருந்த ஹரிதாசர் பிரயாகை சென்று திரிவேணியில் உயிர் நீத்தார்.

இந்தத் தண்டனை மிகக் கடுமையானது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. துறவியருக்குப் பாடமாக அவர் இவ்வாறு செய்தார் என்று நூலாசிரியர் கூறுகிறார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நிகழ்ச்சியில் மாதவிதேவியின் மீது ஒரு சொல்லும் விழவில்லை. சைதன்யர் தம் மிக நெருங்கிய அன்பர்களின் வரிசையில் அவரை வைத்துப் போற்றினார். ஆணின் மனம் தடுமாறினால் பெண்ணின் அழகைப் பழிப்பது உலக வழக்கம். சைதன்யரோ காக்க வேண்டிய பொறுப்பு முழுவதையும் ஆணின் உள்ளத்தின் மீதே வைத்தார்.

கனிவுக்குச் சான்று இராமானந்த ராயர். அரச பதவி வகித்த இல்லறத்தார் அவர். தாம் இயற்றிய நாடகத்தை ஜகந்நாதர் முன் நடிப்பதற்காகக் கோயில் நடன மகளிருக்குத் தாமே அலங்காரம் செய்து, அபிநயம் கற்பித்தார். இதைக் கேள்வியுற்று ஒருவர் முகம் சுளித்தார். சைதன்யர் சுளிக்கவில்லை. துறவியாகிய தமக்கே பெண் என்ற சொல் கேட்டால் மனம் சலிக்கக் கூடும். ராயரின் மனமோ மரமும் கல்லும் போல் சலனமற்றது என்று கூறி, அந்த அன்பரை மீண்டும் ராயரிடமே பாடம் கேட்க அனுப்பினார். இலங்கையின் அந்தப்புரத்தில் உறங்கிய மகளிரிடையே சீதையைத் தேட நேர்ந்த அனுமன், தன் மனத்தைத் தானே சோதித்து, அதில் விகாரம் இல்லை என்று தெளிந்ததைச் சுந்தர காண்டம் சொல்கிறது. ராயரின் நிலையும் அதுவே. அழகைக் கண்டு ஓடுவது தொடக்க நிலைச் சாதகனுக்குப் பாதுகாப்பு. அழகின் நடுவிலும் சலியாதிருப்பது முதிர்ந்த தூய்மை. சைதன்யர் இரண்டையும் அறிந்திருந்தார். தமக்கு முதலாவதையே விதித்துக்கொண்டு, இரண்டாவதைப் பிறரிடம் கண்டு வணங்கினார்.

சந்தனமும் சீழும்

வங்காளச் சுல்தானின் அமைச்சர் பதவியைத் துறந்து வந்தவர் சனாதனர். காட்டு வழியில் வந்தபோது உடலெங்கும் சொறி பற்றி, நீர் வடியும் நிலையில் புரியை அடைந்தார். தம்மைத் தொட வேண்டாம் என்று அவர் பின்வாங்க, சைதன்யர் விடாமல் பற்றித் தழுவினார். சீழ் அந்தப் பொன்மேனியில் படிந்தது. இந்த உடலால் மகானுக்கு அபசாரம் நேர்கிறதே என்று நொந்த சனாதனர், ஜகந்நாதரின் தேர்ச்சக்கரத்தில் விழுந்து மாய எண்ணினார். இறைவனுக்கு அர்ப்பணித்த உடல் இனி அவருக்குச் சொந்தமன்று, அதை அழிக்க அவருக்கு உரிமையில்லை என்று சைதன்யர் தடுத்தார். சந்தனத்தையும் சேற்றையும் ஒன்றாகக் காண்பதே துறவியின் தருமம் என்றும் விளக்கினார்.

முஸ்லிம் குடும்பத்தில் தோன்றி நாமஜபத்தில் தோய்ந்தவர் ஹரிதாச தாகுரர். அவர் கோயிலுக்குள் செல்வதில்லை. எனவே சைதன்யரே நாள்தோறும் அவரது குடிலுக்குச் சென்றார். முதுமையில் அவர் உயிர் பிரிந்தபோது, அந்த உடலைக் கைகளில் ஏந்தி ஆடினார். கடற்கரை மணலில் சமாதி செய்வித்து, விழாவுக்கான பிரசாதத்தைக் கடைவீதியில் தாமே பிச்சை கேட்டுப் பெற்றார்.

கம்பீரா

கடைசி 12 ஆண்டுகள் புரியில் காசி மிசிரர் இல்லத்தின் சிறு அறையில் கழிந்தன. கம்பீரா என்று அழைக்கப்படும் அந்த அறை இன்று ராதாகாந்த மடத்தில் உள்ளது. காய்ந்த வாழைப்பட்டையே படுக்கை. ஜகதானந்தர் தைத்துத் தந்த பஞ்சுத் தலையணையையும் மெத்தையையும் அவர் ஏற்கவில்லை. உடல் மெலிந்தது. கண்ணனின் பிரிவு தாங்காமல் இரவுகளில் சுவரில் முகத்தைத் தேய்த்துக்கொள்வார். மூக்கிலும் கன்னத்திலும் புண்ணாகிக் குருதி வழியும். ஸ்வரூப தாமோதரரும் பிறரும் அருகிலிருந்து காத்தனர். நவத்வீபம் திரும்பிப் பார்த்த முகம் அது. காட்வாவில் ஊரையே அழ வைத்த முகம் அது. அதை அவர் எண்ணவே இல்லை. ஆயினும் மெலிந்து காயம்பட்ட அந்த உருவத்தைக் காண ஆண்டுதோறும் வங்காளத்திலிருந்து நூற்றுக்கணக்கானோர் நடந்து வந்தனர். 1533ஆம் ஆண்டு, 48ஆம் வயதில் அவரது வாழ்வு நிறைவுற்றது.

நமக்குரிய பாடம்

சார்வபௌமரின் ஐயத்திற்கு இந்த வாழ்க்கை தெளிவான விடை தருகிறது. அழகு தூய்மைக்குப் பகையன்று. அது தனக்குரியது என்ற எண்ணமே பகை. நிமாய் தம் அழகை உடைமையாக எண்ணிய நாளில் அது செருக்கைத் தந்தது. அதை இறைவனிடம் ஒப்படைத்த பின்னர், தொழுநோயாளரையும் சீழ் வடியும் உடலையும் தழுவும் கருவியாயிற்று. அழகு ஆணுக்கும் உண்டு. அதைக் காக்கும் தூய்மையும் ஆணின் கடமையே.

நம் இல்லங்களில் பெண்மக்களுக்கு அடக்கத்தையும் ஒழுக்கத்தையும் தவறாமல் போதிக்கிறோம். ஆண்மக்களுக்கு அவற்றைச் சொல்கிறோமா? பார்வையைக் காத்துக்கொள்வதும், தவறும்போது பழியைப் பிறர்மேல் சுமத்தாமல் தானே ஏற்பதும், பிறருடைய உடற்குறையையோ பேச்சுக்குறையையோ கண்டு நகைக்காமல் இருப்பதும் அவர்கள் கற்க வேண்டிய பாடங்கள். செருக்குடைய ஓர் இளம் பண்டிதர் அவற்றைக் கற்று மகானாக உயர்ந்தார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோம், நாமும் கற்போம்.